கிம்ச்சி ஃப்ரிட்ஜில் ஹேர் டிரையர்

டிரையரை முதலில் பார்த்தது சுன்னே. தலை முழுக்கச் சுருட்டுக் குச்சிகள், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. அந்தக் கோலத்தில், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக் கிம்ச்சி ஊறுகாய் எடுக்கப் பின்னறைக்குப் போனாள். கிம்ச்சி ஃப்ரிட்ஜின் மூடியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். முள்ளங்கிக் கிம்ச்சிக்கும் கடுகிலைக் கிம்ச்சிக்கும் நடுவில் ரோஸ் நிற ஹேர் டிரையர் ஒன்று, ஒயர் அழகாகச் சுற்றப்பட்டு, குளிரில் படுத்திருந்தது.

"அக்கா," சுன்னே அதைத் தூக்கிக் கொண்டு கடைக்குள் வந்தாள். "இது எத்தனை நாள் ஊறணும்?"

"ஊறினதும் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைங்கடி," என்றாள் நாற்காலியில் இருந்த பில்ஜா.

காத்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கடைக்காரி ஓக்புன்தான். ஆனால் பில்ஜாவின் தலையில் இருந்த அவள் கை நின்றுவிட்டது. நின்ற கை மறுபடி நகரக் கொஞ்ச நேரம் ஆனது.

மொக்போ துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது அந்தக் கடை. பெயர் பாரிஸ் சிகையகம். ஓக்புன் பாரிஸுக்குப் போனதில்லை, அங்கிருந்து யாரும் இங்கே வந்ததுமில்லை. பதினேழு வயதில் தீவிலிருந்து படகேறி வந்து, ஒரு சிகையகத்தில் முடி பெருக்கும் வேலையில் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு மறுவருஷம் சொந்தக் கடை போட்டாள். அன்றிலிருந்து இந்தச் சரிவின் பெண்களுக்கெல்லாம் ஒரே தலைதான்: இறுக்கமாகச் சுருண்டு, காதுக்கு மேல் நின்று, அரை வருஷம் அசையாத தலை. சந்தை நாளில் ஒருவர் தன் மனைவி என்று நினைத்து வேறொருத்தியின் பின்னால் முட்டைக்கோஸ் மூட்டையைச் சுமந்துகொண்டு அவள் வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்கிறார். அவள் மூட்டையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினாளாம்.

அந்தக் கடையில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. டிரையர் ஓடும்போது கத்திப் பழகிய தொண்டைகள், அது நின்ற பிறகும் இறங்காது. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், ஊர் விஷயம் மொத்தமும் வீட்டுக்கே வந்துவிடும்.

டிரையர் ஃப்ரிட்ஜுக்குள் போன கதைக்கு, அதற்கு முந்தைய வாரத்திலிருந்து வரவேண்டும். ஓக்புன்னின் கணவர் மா சங்தொக், ஓய்வுபெற்ற டவுன் பஸ் டிரைவர். காலையில் நண்பர்களோடு பூங்காவில் பந்தடிக்கப் போவார். மத்தியானத்திலிருந்து பின்னறையில் மின்பாயைச் சூடாக்கி, அதில் படுத்து டிவி பார்ப்பார். டிவியில் அவருக்குப் பிடித்தது சாமான் விற்கும் சேனல். அந்தச் சேனல் வழியாகத்தான் மின்காந்த அலை அவர் வாழ்க்கைக்குள் வந்தது. அலையை உறிஞ்சட்டும் என்று டிவி பக்கத்தில் ஒரு கள்ளிச்செடி வைத்தார். அது உறிஞ்சியதோ இல்லையோ, தண்ணீர் இல்லாமல் வாடிப்போனது. சோற்றுக் குக்கர்மேல் ஒரு கிண்ணம் கரி. செல்போனின் முதுகில் ஒட்டிய பத்து வொன் காசு.

"அப்போ நீங்க படுத்திருக்கிற பாய்?" என்று ஓக்புன் ஒருமுறை கேட்டாள்.

"இது சர்டிஃபிகேட் வாங்கின பாய்."

அந்த வாரம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே டிவி ரிமோட் அளவில் ஒரு கருவி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு, கீழே ஒரு சிறு திரை. சங்தொக் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வீடு பார்க்க வந்த பூசாரி மாதிரி மூலை மூலையாகப் போனார். குக்கர் மஞ்சள். மின்விசிறி மஞ்சள். மின்பாய்க்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. பிறகு கடைக்குள் நுழைந்து, ஓக்புன் கையில் ஓடிக்கொண்டிருந்த டிரையரின் வாயருகே நீட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கருவி கீச்சென்று கத்தியது. கத்துவது நிற்கவில்லை.

"பார்த்தியா," என்றார் நாற்காலியில் இருந்தவளிடம். "இந்த வீட்டிலேயே பெரிய பேய் இவ கையிலதான் இருந்திருக்கு."

"எங்க தலையிலதான் ஊதறா, எங்களுக்குத்தான் பேய்," என்றாள் அவள்.

"நீ மாசத்துல ஒரு நாள் வர்ற. இவ நாற்பது வருஷமா நாள் முழுக்கப் பிடிச்சிட்டு நிக்கறா."

ஓக்புன் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் சாப்பிடும்போது சங்தொக் டிவியைப் பார்த்தபடியே நீளமாக ஏதோ சொன்னார். அவர் எல்லாவற்றையும் டிவியிடம்தான் சொல்வார். ஓக்புன் "ம்" என்றாள். அவர்கள் குடித்தனம் ரொம்ப நாளாக அப்படித்தான் ஓடுகிறது, நன்றாகவும் ஓடுகிறது.

அதற்கு அப்புறம்தான் சுன்னே ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

மற்றவர்களுக்கு அது ஒரு நாள் சிரிப்பு. ஓக்புன்னுக்கு அப்படியில்லை. அவளுடைய பெரியக்காவுக்கு எல்லாமே செருப்பில்தான் தொடங்கியது. ஒருநாள் செருப்பை அரிசிப் பானைக்குள் வைத்தாள். வீடே சிரித்தது. அடுத்து மீன்கத்தியைப் படுக்கைக்கு அடியில் வைத்தாள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். தங்கை போனால் "நீங்க எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்கிறாள். கேட்டுவிட்டு, சீவிவிடச் சொல்லித் தலையை நீட்டுகிறாள்.

டிரையரை ஃப்ரிட்ஜில் வைத்தது ஓக்புன்னுக்கு நினைவில்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. சில நாள் கழித்து, காலையில் கடை திறக்கும் முன் மூடியைத் தூக்கினால், கிம்ச்சி டப்பாவின்மேல் அவளுடைய செல்போன். அதற்கடுத்த வாரம், முடி சுருட்டும் மின்கம்பி. இரண்டையும் யாரும் பார்க்கும் முன் துடைத்து எடுத்து வைத்தாள். கணவரிடம் கேட்கவில்லை. கேட்டால் "அலை" என்பார். அலை என்று சொல்லாமல் அவளைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம்.

முடியைச் சுருள வைக்கும் பெர்ம் மருந்து விளையாட்டில்லை. நேரம் தப்பினால் தலைத்தோல் வெந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்ததை மறப்பவள், ஒருத்தியின் தலையில் வைத்த மருந்தை மறக்க எவ்வளவு நேரமாகும்? அப்படி மறக்கிற நாளுக்கு முந்தின நாளே கடையை மூடிவிட வேண்டும். அந்த முந்தின நாள் எது என்பதுதான் தெரியவில்லை.

முதல் காரியமாக டிரையரை நிறுத்தினாள். துண்டால் துவட்டினாள். விசிறியால் விசிறினாள். டிசம்பர் மாதம், கடல் காற்று, ஈரத்தலை. அது காயவில்லை. கடைசியில், அடியில் சூடு ஓடும் பின்னறைத் தரையைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, பெண்களை வரிசையாக மல்லாக்கப் படுக்க வைத்தாள்.

பந்தடித்துவிட்டு வந்த சங்தொக் கதவைத் தள்ளியவர் வாசலிலேயே நின்றார். அவர் படுக்கிற இடத்தில் ஐந்து பெண்கள், தலைகள் எல்லாம் ஒரே பக்கம், கருவாடு காயப்போட்ட மாதிரி.

"உள்ள வாங்க மாமா," என்றாள் பில்ஜா கண்ணைத் திறக்காமல். "அந்த ஓரம் இன்னும் சூடா இருக்கு."

"என் டிவி?"

"நாங்க பார்க்கறோம். வழுக்கைக்குத் தைலம் விக்கறான். உங்களுக்கு ஒண்ணு சொல்லவா?"

ஆனால் காய்ந்த தலைகள் ஒருபக்கம் தட்டையாக எழுந்தன. பில்ஜாவுக்குச் சளி பிடித்தது. இரண்டு பேர் சத்தமில்லாமல் கீழ்த்தெருவில் இருக்கும் புதுக் கடைக்குப் போய்விட்டுத் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு நடமாடினார்கள். துறைமுகத்தில் ஆக்டோபஸ் விற்கும் சுன்னேக்கு எதையும் சுற்றிப் பேச வராது.

"அக்கா, உனக்கு என்ன ஆச்சுன்னு சொல்றியா, இல்ல நானும் கீழ்த்தெருவுக்குப் போகட்டுமா?"

ஓக்புன் சொல்லிவிட்டாள். செல்போன், மின்கம்பி, பெரியக்கா, நாற்பது வருஷ அலை, எல்லாம்.

"இதுக்குத்தானா," என்றாள் சுன்னே. "மறதி மையத்துக்குப் போய் சோதிச்சுட்டு வா. நாங்க எல்லாரும் போய்ட்டு வந்தோமே. சும்மாதான் பார்க்கறாங்க. பாஸாயிட்டா ஒரு துண்டு கூடத் தர்றாங்க."

"ஃபெயிலாயிட்டா?"

"ஏன் ஃபெயிலாவ? கேள்வி என்னன்னுதான் எங்களுக்குத் தெரியுமே."

சுகாதார நிலையத்தின் மறதி மையத்தில் கேட்பது எல்லோரிடமும் ஒன்றுதான். ஒரு வாக்கியம் சொல்வார்கள். பிறகு வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, அந்த வாக்கியத்தைத் திருப்பிக் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். போய்வந்த பெண்கள் அதைப் பிளாஸ்டிக் உறைக்கடியில் காத்திருக்கும் நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, சரிவு முழுக்கப் பரப்பிவிட்டார்கள். பிள்ளைகளைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயார் பண்ணியவர்களுக்கு இதென்ன பெரிய பாடம்?

"சொல்லு," என்றாள் பில்ஜா. "கிசு படகில் ஏறித் தீவுக்குப் போய், காலை ஒன்பது மணியிலிருந்து நண்டு பிடித்தான்."

"கிசு படகில் ஏறி…"

"தீவுக்கு."

"தீவுக்குப் போய், ஒன்பது மணியிலிருந்து நண்டு பிடித்தான்."

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்பது…" சுன்னே அதை மீன் ஏலக்காரன் ராகத்தில் பாடினாள். அப்படிப் பாடினால் தப்பவே தப்பாது என்று அவளுக்கு அனுபவம்.

அந்த வாரம் முழுக்கக் கிசு நண்டு பிடித்தான். முடி சுருட்டும்போதும், முள்ளங்கி நறுக்கும்போதும், ஓக்புன் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

சோதனை நாள் காலையில், அதெல்லாம் எதுவும் தெரியாத சங்தொக் அன்பாகக் கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தார். பரீட்சைக்குப் போகிறவர்கள் கடற்பாசி சூப் குடித்தால் வழுக்கி விழுவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓக்புன் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, சுன்னே கொடுத்திருந்த ஒட்டு மிட்டாயைச் சப்பிக்கொண்டு கிளம்பினாள். ஒட்டுகிற மிட்டாய் தின்றால் படித்தது மண்டையில் ஒட்டும்.

மையத்தில் இருந்தவன் தேக்யு என்கிற இளைஞன். மூக்கு வரை முகமூடி. பூனைக்குட்டியிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினான். மூலையில் ஈரப்பதக் கருவி ஒன்று புகைவிட்டுக்கொண்டு முனகியது. அவன் ஒரு தாளைப் பார்த்து ஏதோ வாசித்தான். வாக்கியம் வந்துவிட்டது என்று ஓக்புன் புரிந்துகொண்டு தலையாட்டினாள். வருஷம் சரி. பருவம் சரி. கழித்தல் கணக்கை அவன் பேனாவை எடுப்பதற்குள் ஏல ராகத்தில் முடித்துவிட்டாள். தேக்யு நிமிர்ந்து அவள் தலையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். பிறகு கையால் சைகை காட்டி, முதலில் சொன்ன வாக்கியத்தைக் கேட்டான்.

"கிசு படகில் ஏறித் தீவுக்குப் போய், காலை ஒன்பது மணியிலிருந்து நண்டு பிடித்தான்."

தேக்யு எழுதவில்லை. முகமூடிக்குள் ஏதோ சொன்னான். ஓக்புன் தலையாட்டினாள். பிறகு சத்தமாகச் சொன்னான்: "இன்னும் விவரமா டாக்டர் பார்க்கணும்மா. அடுத்த வாரம் வாங்க."

துண்டு கொடுக்கவில்லை.

கடை வாசலில் சுன்னேயும் பில்ஜாவும் காத்திருந்தார்கள். ஓக்புன் அவர்களைத் தாண்டி உள்ளே போய்ப் பெர்ம் மருந்துப் பாட்டில்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சுன்னே கையில் கொடுத்தாள்.

"வெட்டறதுன்னா வெட்டறேன். மருந்து இனிமே தொட மாட்டேன்."

"கிசுவைச் சொன்னியா?"

"முழுசாச் சொன்னேன்."

"ஒன்பது மணி?"

"சொன்னேன்டி. எல்லாம் சொன்னேன். அப்பவும் டாக்டரைப் பாருன்னுட்டான். எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த வாரம் பாரிஸ் சிகையகத்தில் மருந்து வாசனை இல்லை. சாவி சுன்னேயின் ஆக்டோபஸ் வாளியோடு துறைமுகத்துக்குப் போய்வந்தது. ஓக்புன் ஒருநாள் பெரியக்காவைப் பார்க்கப் போனாள். "நீங்க எந்த ஊரு?" என்று அக்கா கேட்டாள். ஓக்புன் சீப்பை எடுத்துச் சீவிவிட்டாள்.

டாக்டர் குக் ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் முகமூடி போட்டிருக்கவில்லை. தாள்களைப் புரட்டிவிட்டு, "பாரிஸ் சிகையகம்தானே?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தேக்யு சொன்னான். இதே தலையோட எட்டுப் பேர் வந்தாங்களாம். எட்டுப் பேரும் கழித்தலைப் பாட்டாப் பாடினாங்களாம். அதனால போன மாசமே வாக்கியத்தை மாத்திட்டோம். இப்ப இருக்கறது படகு இல்ல, பஸ். நண்டு இல்ல, கஷ்கொட்டை. உங்ககிட்ட அவன் கிசுன்னு வாயையே திறக்கல."

ஓக்புன்னுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கடைக்கு வரும் பெண்களைக் காட்டிக்கொடுக்காமல், தானே படித்ததாகச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார். தாளுக்குப் பின்னால் தாடை அசைந்தது. ஓக்புன் மரியாதையாகத் தலையாட்டினாள்.

டாக்டர் தாளை இறக்கினார். "இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"சோறும் சோயா சூப்பும்."

"இதைத்தான் முதல்லயும் கேட்டேன். நீங்க தலையாட்டினீங்க."

ஓக்புன் டாக்டரின் உதட்டையே பார்த்தாள்.

"கடையில ஆளுங்க பேசறப்போ எங்கே பார்ப்பீங்க?"

"கண்ணாடியில. எல்லா முகமும் அதுலதானே தெரியும்."

"முகமா, வாயா?"

அதை அவள் யோசித்ததே இல்லை. டிரையர் இரைச்சலில் யார் என்ன கேட்டாலும் கண்ணாடியில் தெரிகிற உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வது தொழிலோடு வந்தது. காது எப்போது விடைபெற்றுக்கொண்டது, கண் எப்போது அந்த வேலையை எடுத்துக்கொண்டது என்று யார் கவனித்தார்கள்?

டாக்டர் புதிதாக ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டினார், சொல்லாமல். படம் வரையச் சொன்னார், சாமான் பெயர் கேட்டார், பேச்சுக் கொடுத்தார். நிறைய நேரம் கழித்து வாக்கியத்தைக் கேட்டபோது ஓக்புன் ஒரு சொல் விடாமல் சொன்னாள். பிறகு பக்கத்து அறையில், காதில் மாட்டிக்கொண்டு பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பொத்தானை அவள் அதிகம் தொந்தரவு செய்யவில்லை.

"மூளை நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "காதுதான் பாதி போயிடுச்சு. வயசும் ஒரு காரணம். நாற்பது வருஷமா டிரையர் சத்தம் காதோரத்துல ஓடினதும் ஒரு காரணம். காதுல விழாததை எப்படி ஞாபகம் வச்சிருக்க முடியும்?"

"அப்போ அந்த அலை?"

"உங்க வீட்டுல அளக்கிற கருவி இருக்கா?"

"சிவப்பாகி உயிர் போற மாதிரி கத்துது."

"கருவி பொய் சொல்லல. டிரையரோட வாய்கிட்ட காந்தப்புலம் ஜாஸ்திதான். ஒரு முழம் தள்ளினா அதுல ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சும். நிறுத்திட்டா அதுவும் இல்ல."

"நாற்பது வருஷமாச்சே டாக்டர்."

"மோட்டார் பக்கத்துலயே உட்கார்ந்து வேலை செய்யறவங்களை வச்சு நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. சிலதுல சந்தேகம் வந்துது, சிலதுல வரல. வீட்டுச் சாமான் காந்தப்புலத்தால மூளை கெடும்னு நிரூபணம் இல்ல. துளிகூட இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுன்னா நானும் பண்ண மாட்டேன். ஆனா உங்க டிரையர் என்ன பண்ணுச்சுன்னு என் கையில இருக்கிற தாள் சொல்லுது. அது சத்தத்தால பண்ணுச்சு. சத்தம் குறைவான டிரையர் வாங்குங்க, ஊதறப்போ காதுல அடைப்பு வைங்க."

ஓக்புன் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "ஃப்ரிட்ஜ்? மூணு தடவை டாக்டர். அது காதுக்கும் சேராதே."

"வீட்டுல வேற யார் இருக்காங்க?"

"வீட்டுக்காரர்."

"அவரைக் கேட்டீங்களா?"

சங்தொக் மின்பாயில் இருந்தார். டிவியில் யாரோ கத்தியால் இரும்புக் குழாயை வெட்டிக்கொண்டிருந்தான். ஓக்புன் டிவியை அணைத்துவிட்டு, அவருக்கும் திரைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவர் வாயைப் பார்த்தாள்.

"கிம்ச்சி ஃப்ரிட்ஜில என் டிரையரை வச்சது யாரு?"

"நான்தான்," என்றார் அவர், இதிலென்ன சந்தேகம் என்பதுபோல். "நீ தலை காய வச்சுட்டுத் தலைமாட்டுலயே போட்டுட்டுத் தூங்கற. இரும்புப் பெட்டிக்குள்ள வச்சா அலை வெளிய வராதுன்னு டிவியில சொன்னான். போனு, கம்பி எல்லாத்தையும்தான் வச்சேன். உங்கிட்டச் சொன்னேனே."

"எப்போ சொன்னீங்க?"

"கருவி வந்த அன்னிக்கே. சாப்பிடறப்போ. நீயும் 'ம்'னு சொன்ன."

ஓக்புன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாசத்துக்கு மேல். பூட்டிய அலமாரி, சுன்னேயிடம் போன சாவி, தூக்கமில்லாத அத்தனை ராத்திரி, எல்லாம் ஒரு "ம்"மில் போய் நின்றன. திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. அது அடங்க நேரமாயிற்று. சங்தொக் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஓடாத டிரையர்ல அலையே கிடையாதாம்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் கருவியைக் கொடுங்க."

அதை வாங்கி, கிம்ச்சி ஃப்ரிட்ஜின் பின்பக்கம், மோட்டார் ஓடும் இடத்தில் வைத்தாள். மஞ்சள் வந்து, சிவப்பு வந்து, கருவி கத்தத் தொடங்கியது. அவளுக்கே கேட்டது.

"பேயைப் பிடிச்சுப் பேய் வீட்டுலயே பூட்டி வச்சிருக்கீங்க."

சங்தொக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ கிம்ச்சி?"

"அதை அப்புறம் பார்ப்போம். நான் 'ம்'னு சொன்னது வேற என்னென்ன இருக்கு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பந்தடிக்கிற மட்டை ஒன்று. வசந்தத்தில் நண்பர்களோடு ஜெஜு தீவுக்கு ஒரு பயணம். இரண்டாவது மின்பாய், அது வெள்ளிக்கிழமை வரும்.

காது கருவி வந்தது ஒரு வாரம் கழித்து. முதல் இரண்டு நாள் உலகமே அவளுக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. சங்தொக் முள்ளங்கி கடிக்கிற சத்தத்துக்கு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். டிவி அத்தனை சத்தமாக ஓடுகிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவருக்கும் ஒரு காது சோதனைக்கு நேரம் வாங்கினாள். அதை அவரிடம் சொன்னபோது அவர் டிவியைப் பார்த்தபடி "ம்" என்றார்.

சாவி அலமாரிக்குத் திரும்பியது. முதல் மருந்து சுன்னேயின் தலைக்கு, ஏனென்றால் சாவியைக் காத்தவள் அவள். சத்தம் குறைந்த புது டிரையர் சுவரில் தொங்கியது. பின்னறைத் தரையில் யாரும் காயவில்லை. கீழ்த்தெருவுக்குப் போன இரண்டு பேரும் தலைத்துணியை அவிழ்க்காமல் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவர்களைப் படுத்தியது.

ஓக்புன் காது கருவியைக் கழற்றி, அடைப்பை வைத்து, வேறொருத்திக்கு ஊதி முடித்தாள். அடைப்பை எடுத்துவிட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு சுன்னேயின் தலைக்கு வந்தாள். குச்சி எடுக்க அவள் முதுகைத் திருப்பியதும், சுன்னே பில்ஜாவிடம் தன் வழக்கமான ரகசியக் குரலில் சொன்னாள். அந்தக் குரல் எத்தனை வருஷமாக அந்தக் கடையில் ரகசியமாகவே இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

"சொன்னா அக்காவுக்குக் கோவம் வரும். கீழ்த்தெருக்காரி கை மெத்துனு இருக்காம். இங்க எல்லாருக்கும் ஒரே காலிஃபிளவர்தான்."

ஓக்புன் திரும்பி வந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. சுன்னேயின் உச்சியில் ஒரு கற்றையை எடுத்து, மருந்து தடவி, நேரத்தைப் பார்த்துக்கொண்டு, குச்சியில் சுற்றினாள். வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக இழுத்தாள்.

"மெதுவாக்கா, வலிக்குது."

"என்னது?" என்றாள் ஓக்புன். "காது கேட்கலடி."